கழுத்தை நெரிக்கும் குடும்பம்

ஆட்களின் கழுத்தை நெரிப்பதும், போதும், விடு என்று அவர்கள் கையால் தட்டியவுடன் விட்டுவிடுவதும்தான் எங்கள் குடும்பத் தொழில். நானும் கணவர் சிவாவும் மகள்மார் இருவரும் சிட்னியில், பரமட்டாவில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் பிரேசிலியன் ஜூ ஜிட்சு என்ற பிடிச்சண்டையைப் பழக்குகிறோம். நால்வரும் ஏதோவொரு காலத்தில் சாம்பியன்கள். குடும்பமாகத் தொழில் நடத்தி, சாப்பாட்டு மேசையிலும் அதே கதையைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மாஸ்டர் எங்கே?

மகளைச் சேர்க்க ஒருவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மாஸ்டர் எப்போது வருவார் என்று கேட்டார். ஒரு மாஸ்டர் நான், அங்கே பாய் துடைக்கிறவர் மற்றவர் என்றேன். சிவா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, தான் யாழ்ப்பாணம், சாவகச்சேரி என்று அறிமுகம் செய்துகொண்டார். வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப பிரேசிலில உங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

கவிதாவின் கழுத்து

எங்களிடம் பழக வந்த கவிதா ஒரு நர்ஸ். வேலையிடத்தில் ஒரு நோயாளி குழம்பிப்போய் அவளுடைய கழுத்தைப் பிடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு யார் கிட்ட வந்தாலும் பயமாக இருக்கிறது என்றாள். என்னோடு மட்டும் பழகச் சொன்னேன். ஆரம்பத்தில் நான் கொலரைத் தொடுமுன்பே தட்டிவிடுவாள். தட்டியவுடன் விட்டுவிடுவேன். பல மாதங்கள் அவளுக்கு நான் பழக்கியது அவ்வளவுதான். பிடித்தவர் விடுவார் என்பதை அவளுடைய உடம்பு நம்பவேண்டியிருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து சீருடையோடு வந்து கதிரையில் இருந்தாள். வார்டில் ஒருவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாராம். கையைக் கழற்றிவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாளாம்.

"பயப்பிட வேணும் எண்டதே இஞ்ச வரேக்கதான் அக்கா ஞாபகம் வந்தது."

மெல்பேர்ன் இறுதிப் போட்டி

மூத்தவள் ஆரணியும் இளையவள் மதுராவும் ஒரே எடைப்பிரிவு. மெல்பேர்னில் ஒருமுறை இறுதிப் போட்டியில் இரண்டு பேருமே மிஞ்சினார்கள். ஒரே இடத்தில் பழகியவர்கள் மோதாமலே ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம், அது வழக்கம். இருவரும் மாட்டோம் என்றுவிட்டார்கள். யாருடைய பக்கத்திலும் நிற்க முடியாமல் சிவா தேத்தண்ணி வாங்கப் போனார். நான் போகவில்லை.

மதுரா அக்காவின் கையைத் தன் கால்களுக்கு நடுவே நீட்டிப் பூட்டினாள். தட்டினால் தீர்ந்தது. ஆரணி தட்டவில்லை. முழங்கை போகக்கூடாத பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் மதுரா தானாகவே பிடியைத் தளர்த்தினாள். ஆரணி மேலே ஏறி, புள்ளிகளில் வென்றாள்.

பதக்க மேடையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏன் விட்டாய் என்று பிறகு தகப்பன் மதுராவைத் தனியாகக் கேட்டார்.

"அக்கா தட்டமாட்டா அப்பா. கைய ஒடிச்சுப்போட்டு அம்மாட்ட ஆர் பேச்சு வாங்கிறது?"

அதே பிடி

ஆரணி வீங்கிய கையோடு அறையிலேயே இருந்தாள். தங்கையோடு கதை இல்லை. தங்கை இரங்கியதுதான் அவளைச் சுட்டது என்று எனக்கு விளங்கியது, நடுவில் போகவில்லை. வீக்கம் வற்றிய பிறகு ஒரு பின்னேரம், வகுப்புத் தொடங்குமுன் பாயில் இறங்கி மதுராவைக் கூப்பிட்டாள். அதே கையை நீட்டி, அதே பிடியைப் போடச் சொன்னாள். மதுரா தயங்கித் தயங்கித்தான் போட்டாள். இறுகியதும் ஆரணி தட்டினாள். மதுரா விட்டாள். ஆரணி எழும்பித் தலைமயிரைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"மெடல் உன்ர மேசையில கிடக்கு. இனி எனக்கு இரங்காத."

நான்கு சாம்பியன்கள் உள்ள வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை, பிடித்தால் அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.