சில்லுச் சப்பாத்தும் செப்பாணியும்

சப்பாத்தின் அடியை விரல்முட்டியால் தட்டிவிட்டு அதைக் காதோடு வைத்துக் கேட்கிறார் பஸ்ரியாம்பிள்ளை. முகம் சுளிக்கிறது. ஓர் ஆணியின் தலையில் சுத்தியலால் மெல்ல ஒரு போடு போடுகிறார், மறுபடியும் தட்டிக் கேட்கிறார். "இப்ப சரி. முந்தி ஓட்டைச் சட்டி மாதிரிக் கத்தினது," என்கிறார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். புதுப் பலகை வள்ளத்தோடு ஒட்டிவிட்டதா என்று அவர் பார்ப்பதும் இப்படித்தான்.

ஊர்காவற்றுறைக் கரையில் வள்ளம் கட்டுகிற ஓடாவி அவர். வீடு கரம்பொன்னில். ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது, பெரிய உடம்பு. அவர் உட்கார்ந்தால் கதிரை இருப்பதே தெரியாது. உலகத்தில் உள்ளதையெல்லாம் தண்ணீர் புகுவது, புகாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். மாரியில் ஒழுகும் கூரையும், இரகசியம் காக்கத் தெரியாத அயலவரும் முதல் வகை. பஸ்ஸில் ஏறினால், "அணியத்திலை இடம் கிடக்கோ?" என்றுதான் கேட்பார். வள்ளத்தின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். கொண்டக்டர்மாருக்கும் பழகிவிட்டது. "ஓம் அண்ணை, அணியத்துக்கு வாங்கோ," என்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சில்லுச் சப்பாத்துப் பைத்தியம் பிடித்தது மைத்துனரால். மனைவி அந்தோனியம்மாவின் தம்பி எமிலியானுஸ் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். எழுபத்தோராம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது, கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய சோடி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு சில்லுகள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கால் நுழைத்து, எழும்பி, விழுந்து, சிரித்துவிட்டுக் கழற்றி வைத்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் விழுந்துவிட்டு மறுபடியும் எழும்பினார். அவருடைய காலும் அந்தக் கப்பல்காரனின் காலும் ஒரே அளவாக இருந்ததை ஆண்டவரின் செயல் என்று இன்றும் சொல்கிறார்.

ஓட இடமும் கிடைத்தது. மீனவர் சங்கம் புதிதாகக் கட்டிய மண்டபத்தின் நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து பூசி, முகம் பார்க்கலாம் போல மெழுகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்துப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு அவர் ஓட, சனம் யன்னல்களில் தொங்கும். "அண்ணை, உதுக்குப் பிறேக் எங்கை?" என்று யாராவது கேட்டால், "சுவர் கிடக்குத்தானே," என்பார்.

தொடக்கத்தில் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகச் சனம் சிரிப்பை மறந்து பார்த்தது. நிலத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகி நடக்கிற மனிதர், சில்லில் ஏறியதும் காற்றுக் கிடைத்த வள்ளம் போல வளைந்து திரும்பினார். "நிலத்திலை என்ரை பாரத்தை நான்தான் காவவேணும். சில்லிலை ஏறினால் அது தன்ரை பாட்டிலை வருகுது," என்பார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே மற்ற நாளெல்லாம் மரம் செதுக்குவதாக அவருக்குத் தோன்றும். அவ்வளவு சந்தோசம் அவருக்கு அதில்.

ஆனால் அந்தச் சப்பாத்து கப்பல்காரனின் உடம்புக்கென்று தைத்தது. ஒரு ஞாயிறு மூலையில் திரும்பும்போது கணுக்காலடியில் தோல் மடிந்தது, கால் உள்ளுக்குச் சரிந்தது, பஸ்ரியாம்பிள்ளை வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிவு வைத்தியர் பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டினார். உளியும் வாய்ச்சியும் பிடிக்கிற கை அது. பாதி கட்டிய வள்ளம் கரையில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தோனியம்மா வேறு பாதையால் சந்தைக்குப் போய்வந்தார்.

கட்டு அவிழ்த்த அன்று சொல்லிவிட்டார்: "இஞ்சேருங்கோ, உங்கடை கையிலைதான் எங்கடை சோறு கிடக்கு. இனி ஒருக்கா விழுந்தியளெண்டால் உந்தச் சில்லுகளைக் கழட்டிக் கடலிலை எறிஞ்சுபோடுவன்." சொன்னால் செய்கிற மனுசி. பஸ்ரியாம்பிள்ளையின் சீட்டுக்கட்டு ஒருநாள் அடுப்புக்குள் போனது ஊருக்கே தெரியும்.

சில்லை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பஸ்ரியாம்பிள்ளைக்கு வரவேயில்லை. காலைச் சரிய விடாத சப்பாத்து வேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நல்ல மாட்டுத்தோலாகப் பார்த்து வாங்கிவந்து, வள்ளத்துப் பாய் தைக்கிற ஊசியால் இரட்டைத் தையல் போட்டு, உயரமாக ஒரு சோடி தைத்து, பழைய சில்லுகளையே அதில் பூட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வள்ளத்துக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்தால்தான் அவருக்கு மனம் ஆறும். தோல் இறுகட்டும் என்று, வள்ளத்துக்குப் பூசுவதுபோலச் சுறா எண்ணெயை அள்ளிப் பூசிவிட்டார்.

அந்த ஞாயிறு அவர் போன வழியெல்லாம் கரம்பொன் நாய்கள் பின்னால் வந்தன. மண்டபத்துக்குள்ளும் வந்தன. அவர் ஓட, நாய்கள் துரத்த, யன்னலால் ஒரு பூனையும் குதித்து இறங்க, மனிதர் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணெய் குடித்த தோல் இறுகுவதற்குப் பதிலாகக் கனிந்து தொய்ந்துபோயிருந்தது.

"நான் விழேல்லை. நிண்டனான்," என்று வீட்டில் வாதாடினார்.

"ஓம், நாயள் பிடிச்சு நிப்பாட்டினபடியால் நிண்டியள்," என்றார் அந்தோனியம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்தும் முடியாமல் குசினிக்குள் போய்விட்டார். அந்தமுறை சில்லுகள் தப்பின.

மூன்றாவது சோடிதான் இப்போது மடியில் கிடப்பது. இதற்கான வழி அவருடைய தொழிலிலேயே இருந்தது. பலகை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், உள்ளே விலா எலும்புகள் போல வளைந்த மரங்கள் இல்லாவிட்டால் வள்ளம் அலையில் விரிந்துபோகும். அந்த மரங்களை வங்கு என்பார்கள். "சப்பாத்தும் ஒரு வள்ளந்தான். வங்கு வைக்காமல் தோலைத் தடிப்பாக்கி என்ன பிரயோசனம்?" என்கிறார், அதை முதலிலேயே யோசிக்காத கோபத்தோடு.

பச்சைப் பனைமட்டையைக் கீலங்களாகச் சீவி ஊறப்போட்டார். தமது காலைப் பார்த்துச் செதுக்கிய மரக்காலில் அவற்றை வளைத்துக் கட்டிக் காயவைத்தார். காய்ந்த கீலங்கள், குதியிலிருந்து கணுக்காலுக்கு மேல்வரை, இரண்டு தோல்களுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கின்றன. முன்பக்கத்தில் மட்டும் வங்கு இல்லை. அங்கே கால் மடங்கத்தான் வேண்டும். அடிக்குப் பூவரசம் பலகை. திருகாணி கழன்றுவிடும் என்பதால், சில்லுத் தகட்டைச் செப்பாணிகளால் ஊடுருவ அடித்து, மறுநுனிகளை மடக்கித் தட்டியிருக்கிறார். மேலே தேன்மெழுகு மட்டும். எண்ணெய்ப் போத்தலை அந்தோனியம்மா ஒளித்துவைத்துவிட்டார்.

லீவில் வந்திருந்த எமிலியானுஸ் எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், குளிர் நாடுகளிலை ஐசுக்கு மேலையும் ஓடுறாங்கள். சில்லுக்குப் பதிலாக் கத்தி பூட்டினது," என்றார்.

"ஐஸ் மீனுக்குப் போடுறது. அதிலை மனிசர் ஏறி ஓடினால் மீனுக்கு என்னத்தைப் போடுறது?" என்று சிரித்தார் பஸ்ரியாம்பிள்ளை. சப்பாத்தைத் திருப்பிச் சில்லுகளைப் பார்த்தார். பிறகு, "கத்தி என்ன தடிப்பு வரும்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோனியம்மாவும் மண்டபத்துக்கு வருகிறார். விழுந்தால் அங்கேயே சில்லுகளைக் கழற்றிவிடுவதற்காகக் கையில் குறடும் கொண்டுவந்திருக்கிறார். மடக்கிய செப்பாணியைக் குறட்டால் கழற்ற ஏலாது என்பது பஸ்ரியாம்பிள்ளைக்குத் தெரியும். வாய் திறக்காமல் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எழும்புகிறார்.

முதல் சுற்றுச் சுவரோரமாகவே போகிறது. இரண்டாம் சுற்றில் நடுவுக்கு வருகிறார். அடுத்தது, முன்பு விழுந்த அதே மூலை. திரும்புகிறார். முழுப் பாரமும் வலக்காலில் இறங்க, உள்ளே பனைமட்டை முனகுகிறது. அலையில் ஏறும்போது வள்ளம் முனகுவதை வாழ்நாளெல்லாம் கேட்டவர் அவர். தாங்குகிற முனகல் எது, முறிகிற முனகல் எது என்று காது சொல்லிவிடுகிறது. கணுக்கால் அசையவில்லை. வேண்டுமென்றே இன்னொருதரம் அதே மூலைக்குப் போய், இன்னும் வேகமாகத் திரும்புகிறார்.

"அண்ணை, அணியம் நல்லாப் போகுது," என்று யன்னலில் ஒரு குரல். மண்டபம் சிரிப்பால் நிறைகிறது. பஸ்ரியாம்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவும் ஓடிக் காட்டுகிறார்.

மனைவியின் கதிரையைக் கடக்கும்போது, "எப்பிடியப்பா?" என்று கேட்கிறார்.

"என்னைப் பாக்காமல் முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ," என்கிறார் அந்தோனியம்மா.

முன்னுக்குப் பார்த்தபடியே ஓடுகிறார். ஆனாலும் தூரத்து மூலையில் திரும்பும்போது கண் அந்தப் பக்கம் போகத்தான் செய்கிறது. குறடு கதிரையின் கீழே கிடக்கிறது. சனம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தோனியம்மா இரண்டு பக்கமும் ஒருமுறை பார்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைக் கரையைச் சற்றே தூக்கி, வெறுங்காலைச் சிவப்புச் சீமெந்தில் மெல்ல முன்னே வழுக்க விடுகிறார்.