ஸ்கேனர் தேடிய நான்கு மாதங்கள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பா பீரோவிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே நாலு படம் கொண்ட ஒரு ஃபிலிம் துண்டு. தோல் கம்பெனியில் சேர்ந்த புதிதில் கூட்டாளிகளோடு ஏலகிரிக்குப் போனபோது எடுத்தது. பிரிண்ட் எப்போதோ தொலைந்துபோய் நெகட்டிவ் மட்டும் மிச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கறுத்த பற்களைக் காட்டி ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்பது தான் என்றார். மற்றவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை என்பதையும் மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு, கூட்டாளிகளை வெட்டிவிட்டுத் தன்னை மட்டும் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா, கண்ணாடிச் சட்டம் போடுகிற அளவுக்கு, என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபத்திரண்டு வயதில் இந்த மனுஷனுக்கு வந்திருக்கும் ஆசையைப் பார் என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அம்மா சமையலறையில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் நேராகக் கம்ப்யூட்டரில் வரைவார்கள். எனக்கு முதலில் பென்சிலும் வாட்டர்கலரும் வேண்டும். வரைந்ததை மொபைலில் படம் எடுத்து அனுப்பினால் ஷூவின் மூக்கு கோணிக்கொள்ளும், சாம்பல் நிறம் மஞ்சளாகும், மேனேஜர் முகம் சுளிப்பார். ரொம்ப நாளாகவே ஒரு நல்ல ஸ்கேனர்மேல் கண் இருந்தது. அப்பாவின் ஃபிலிம் நல்ல சாக்காகிவிட்டது. என் படங்கள், வீட்டு ஆல்பம், அப்பாவின் நெகட்டிவ், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மெஷினாக வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். நான் ஒரு பொருளை லேசில் வாங்குகிறவள் இல்லை. ஒரு மிக்ஸிக்காக அம்மாவை ஆறு கடை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

அப்பா அந்தச் சமயத்தில் இளைத்துக்கொண்டே வந்தார். இருபத்தெட்டு வருஷம் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம் பக்கத்தில் நின்று ஓய்வு பெற்றவர். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பழுப்பு இருக்கிறது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனதும் என்னிடம்தான் பெல்ட்டைக் கொடுத்தார். கம்பெனியில் ஓட்டை போடும் கருவியால் இரண்டு ஓட்டை சேர்த்துப் போட்டுக் கொண்டுவந்தேன். அடிக்கடி பாத்ரூம் போனார். சுகராக இருக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று எத்தனை தடவை சொன்னேனோ. வயசானால் எவனும் இளைக்கத்தான் செய்வான் என்று ஒரே பதில். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நான் கத்துவேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடப்பார். எங்கள் வீட்டில் அந்த நாலு மாதமும் நடந்த சண்டை இது ஒன்றுதான், அதில் ஒரு நாள்கூட நான் ஜெயிக்கவில்லை.

சண்டையில் ஜெயிக்காதவள் ஸ்கேனரில் மூழ்கினேன். சாப்பிடும்போதும் மொபைலில் அதைப் பற்றியே படித்தேன். ஒல்லியாக, பரீட்சை அட்டை மாதிரி ஒரு ரகம் இருக்கிறது. விலை கம்மி. ஆனால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடப்பதை மட்டும்தான் அது சரியாகப் பார்க்கும். கொஞ்சம் தூக்கியிருந்தாலும் மங்கலாகிவிடும். வாட்டர்கலர் காய்ந்த தாள் ஒருநாளும் தட்டையாகக் கிடக்காது. அதனால் உள்ளே லென்ஸ் வைத்த தடி ரகம்தான் எனக்குச் சரிப்படும். ஃபிலிமுக்கோ கீழே விளக்கு இருந்தால் போதாது, மூடியிலும் விளக்கு வேண்டும், வெளிச்சம் ஃபிலிமுக்குள் புகுந்து வர வேண்டும். அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. இவ்வளவும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

வேலூருக்கு மூன்று தடவை போனேன். முதல் கடைக்காரர் பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாம் வருகிற ஒன்றைக் காட்டி, இந்தக் காலத்தில் ஃபிலிமை யார் மேடம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வைத்திருக்கிறேன் என்றேன். அடுத்த தடவை கைப்பையில் கசங்கிய தோல் துண்டு ஒன்றைக் கொண்டுபோனேன். வேறொரு கடையில் ஒல்லி ரகத்தில் ஒன்றும் தடி ரகத்தில் ஒன்றும் இருந்தன. இரண்டின் கண்ணாடியிலும் அதை வைத்து ஸ்கேன் பண்ணச் சொன்னேன். ஒல்லியில் மடிப்பின் மேடெல்லாம் புகை படிந்த மாதிரி வந்தது. தடியில் தோலின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்த மாடலில் மூடி விளக்கு இல்லை. விளக்குள்ளதை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். நான் உடனே சரி என்று சொல்லாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். யோசித்தேன், யோசித்தேன், புரட்டாசியும் முடிந்தது.

அதற்குள் அப்பா இரண்டு தடவை மெஷின் வந்ததா என்று கேட்டார். மூன்றாவது தடவை, கம்பெனியிலிருந்து தலைவலியோடு வந்து உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாமா, அந்தப் படம் எப்போ ஆவும்?"

"பேஜார் பண்ணாதப்பா. இன்னா அவசரம் உனக்கு?"

ஒன்றும் இல்லை, சும்மா கேட்டேன் என்று போய்விட்டார். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

ஐப்பசியில் மூன்றாவது முறை வேலூர் போய் ஒருவழியாக மூடி விளக்குள்ள ஸ்கேனரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு பூஜை மாதிரி ஆரம்பித்தேன். நெகட்டிவில் கை வைக்குமுன் பிரிண்டுகளில் பழகிக்கொள்ளலாம் என்று ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உரித்தேன். என் முதல் பிறந்தநாளுக்குப் பழைய வீட்டு வாசலில் எடுத்தது. அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள், நான் அம்மா இடுப்பில். போஸ்ட் கார்டு அளவுப் படம், அம்மாவின் முகம் என் சுண்டுவிரல் நகம்கூட இருக்காது. பூஞ்சை பிடித்துப் படம் முழுக்கப் புள்ளி. ஸ்கேனரில் தூசு நீக்குவதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, கம்மி, நடுத்தரம், அதிகம் என்று மூன்று. நான் அதிகத்தைத் தட்டினேன். எதிலும் குறைவாக வைக்கப் பிடிக்காத ஜென்மம்.

படம் திரையில் பளிச்சென்று வந்தது. ஒரு புள்ளி இல்லை. பெருமையில் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் பார்க்கட்டும் என்று அவள் முகத்தை நானே பெரிதாக்கினேன்.

நெற்றியில் பொட்டு இல்லை.

மூக்குத்தியும் இல்லை. அப்பாவின் சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். சின்னதாக, வட்டமாக இருந்த எல்லாவற்றையும் அந்த மெஷின் தூசு என்று எடுத்துவிட்டிருந்தது. எனக்கு ஒரு வினாடியில் புரிந்துவிட்டது. ஆனாலும் இருபத்து நாலு வயது அம்மா, பக்கத்தில் அப்பா நிற்கும்போதே, வெறும் நெற்றியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் படபடவென்று பேசினேன். இது செட்டிங், நான் ஜாஸ்தியாக வைத்துவிட்டேன், இதோ பார், அப்பாவின் பொத்தானைக்கூடத் தின்றுவிட்டது என்று சிரித்துக் காட்டினேன். தூசு நீக்கும் கட்டத்தை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேனரை ஓடவிட்டேன். விளக்கு கண்ணாடிக்குக் கீழே மெதுவாக நகர்ந்தது. அம்மா சகுனம் பார்க்கிறவள் இல்லை. பூனை குறுக்கே போனால் அதுக்கும் வேலை இருக்கும் என்று நடக்கிறவள். அதனால்தான் எனக்குப் பயம் அதிகமானது. இரண்டாவது ஸ்கேனில் பொட்டு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா அங்கே இல்லை.

பின்பக்கம் குழாயடியில் அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? எங்கிட்ட சொல்லப் போறீங்களா, இல்லியா?"

அப்பா பேப்பரை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருது," என்றார். "ஒரு பத்து நாளா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிச் சட்டம் போடுகிற அளவுக்கு, தன்னை மட்டும், என்று ஆடி மாதம் அவர் கேட்டது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாலை போடுகிற படத்தை மனுஷன் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் அதை வைத்துக்கொண்டு மூடியில் விளக்கு இருக்கிறதா என்று ஊர் சுற்றியிருக்கிறேன்.

அடுத்த நாளே ஒரு கார் பேசி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் பள்ளிகொண்டா தாண்டுமுன் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் புதர்ப் பக்கம் போய் வரும்வரை அம்மா காரை ஒட்டி நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அப்பா ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டதற்குப் பத்து நாள் என்றார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, தோல் கம்பெனியில் சாய டிரம், இருபத்தெட்டு வருஷம் என்றார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, எந்தெந்தச் சாயம், கையுறை போடுவீர்களா என்று கேட்டார். அப்பாவுக்குச் சாயத்தின் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும். நிறங்களைச் சொன்னார். அதையும் டாக்டர் எழுதினார். அந்த வாரமே உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் ஸ்கேனர்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். அது கண்ணில் பட்டாலே எரிச்சலாக இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று மூன்று பேரும் உள்ளே போனோம். நாற்காலி இரண்டுதான். அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். அம்மா உட்கார மாட்டேன் என்று அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். டாக்டர் பொறுமையான மனிதர். மூத்திரப்பையில் கட்டி இருக்கிறது, சதைக்குள் இறங்கியிருக்கிறது, பையையே எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் வேறு எங்கேயும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தமிழில் நிதானமாகச் சொன்னார். பிறகு பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து, பத்து நாளில் இப்படி ஆகாதே, நல்லா யோசித்துச் சொல்லுங்கள், எப்போது ஆரம்பித்தது என்று அப்பாவைக் கேட்டார்.

"பத்து நாள்தான் சார்," என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்றாரு சார்."

அம்மாவின் குரல். நான் திரும்பினேன். இரண்டு கையாலும் அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசத்துலேர்ந்து வருது. துணி தொவைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? அவரு சொல்லுவாரு, சொல்லுவாருன்னு இருந்தேன். கேட்டா நெசமாயிடுமோன்னு பயந்துகினு கேக்காமலே இருந்துட்டேன் சார்."

 அப்பா குனிந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான், பழி அவள்மேல் விழக் கூடாதென்று, பத்து நாள், பத்து நாள் என்று டாக்டரிடம்கூடச் சாதித்திருக்கிறார். டாக்டர் சீட்டில் இருந்த பத்து நாளை அடித்துவிட்டு நாலு மாதம் என்று எழுதினார்.

"அப்பவே வந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அம்மா விடவில்லை.

"வந்திருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அம்மாவைத் தொட்டுப் பேசாத மனுஷன், நாற்காலி முதுகிலிருந்து அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"இதேதான் ஆயிருக்கும்," என்றார். "நீ வா."