இடுப்பில் கட்ட முடியாத துணி

1934 ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை அடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்து அறையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடியிருந்தார். கறுத்து மெலிந்த உருவம், கத்தரித்த மீசை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பட்டு டை. ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று சாயங்காலந்தோறும் முடிச்சை அவிழ்த்து, மெல்லிய துணியால் துடைத்து, சுருட்டி வைப்பார்.

ஒருநாள் அந்த டையில் வெற்றிலை எச்சில் சிவந்திருந்தது. அவர் ஊர்ப் பண்ணையாருக்குத் தென்காசியிலும் ஒரு வீடு உண்டு. வாத்தியார் அந்த வாசலைக் கடக்கும்போது பண்ணையார் வேண்டுமென்றே துப்பினாராம்.

"இதைக் கட்டாம இருந்தா வம்பு இல்லையே ஸார்?" என்றேன்.

கசக்கினால் பட்டு சுருங்கிவிடும். அதனால் ஈரத்துணியால் கறையை ஒற்றி எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அவரைக் கண்டா எங்கப்பா தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டுவாரு அண்ணாச்சி. இதை இடுப்புல கட்ட முடியுமா, சொல்லுங்க?"

"மறுபடியும் துப்புனா?"

"துப்பட்டும். தொடச்சிட்டுக் கட்டுதேன். அவரு வாய் எத்தனை வெத்தலை தாங்குதுன்னு பாத்துருவோம்."

மறுநாள் காலையிலும் கறை முழுதாகப் போகவில்லை. மங்கிய சிவப்பு வெளியே தெரிய, டையைக் கட்டிக்கொண்டு பண்ணையார் வீட்டுத் தெரு வழியாகவே போனார். பள்ளிக்கூடத்துக்கு அது சுற்றுவழி.