மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்

நான் றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவர் இறந்த பிறகு தூக்கமே இல்லை. அடுத்த வீட்டுக் குசுமா அக்காதான் என்னைப் புத்த விகாரைக்குக் கூட்டிப்போனார். மூச்சைக் கவனிக்கவும், வேதனை வந்தால் அதோடு சண்டை போடாமல் பார்க்கவும் அங்கே பழகினேன். மனசு மெல்ல ஆறியது.

போன மாதம் மலையில் குளவிக்கூடு கலைந்து, என் கழுத்தில் நாலைந்து இடத்தில் கொட்டிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

"கொஞ்ச நேரத்துல போயிரும்" என்று சொல்லி, வீட்டுக்கு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தேன். உதடு தடித்தது. மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயமே வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த குசுமா அக்கா என் முகத்தைப் பார்த்ததும் அலறிவிட்டார். "மூச்ச பாக்கச் சொன்னது, அது கொறைஞ்சா தெரிஞ்சிக்கத்தானே தங்கச்சி? எந்திரி."

ஆட்டோவில் ஏறியதும்தான் பயம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாரு, ஒண்ணு ஒண்ணா" என்றார். அப்படி ஒவ்வொரு மூச்சாகத்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஊசி போட்டார்.

இன்றும் காலையில் உட்காருகிறேன். நேற்று உட்காரப் போகும்போது உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது தெரிந்தது. முதலில் முள்ளை எடுத்தேன். பிறகுதான் கண்ணை மூடினேன்.