செவ்வாய்க்கிழமைக் கோடு ஏறிய காரணம்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பிரசர், சுகர் மாத்திரை கொடுக்கும் நாள். நான் அங்கே செவிலியர். காலையில் நான் போய்ச் சேரும்போதே வாசலில் ஒரு வரிசை நிற்கும். செருப்புகள், தூக்குவாளிகள், மஞ்சள் பைகள், ஒரு தடவை ஒரு முழுப் பூசணிக்காய். இவற்றின் சொந்தக்காரர்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, தங்கள் இடத்தை யாராவது தள்ளுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். வந்த மாதமே தர மேம்பாடு பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு மதுரை போய், ஒரு நீல ஃபைலோடு திரும்பினார். நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், திட்டம் போட வேண்டும், செய்து பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், சரிவராவிட்டால் திருத்தி மறுபடி செய்ய வேண்டும் என்றார். இதற்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் தேவை. என்னைத் தேர்ந்தெடுத்தார். ஏன் நான் என்று கேட்டதற்கு, உங்கள் கையெழுத்துதான் படிக்க முடிகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

முதலில் டோக்கன். மருந்து வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, எண் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டி, ஒரு ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து செய்தேன். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் பார்த்தால் பாதி டோக்கன் திரும்பி வரவில்லை. அடுத்த செவ்வாய் நான் டோக்கன் கொடுக்கத் தொடங்கும் முன்பே, ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் ஒண்ணாம் நம்பரை என் முன்னால் நீட்டினார். போன வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அது அன்றைக்கு மட்டும்தான் செல்லும் என்று சொன்னேன்.

“நீங்கதான ஒண்ணாம் நம்பர்னு குடுத்தீக? எழுதுன நம்பர் வாரா வாரம் மாறுமாத்தா?” என்றார்.

அவருக்குப் பின்னால் நாலாம் நம்பரோடு நின்ற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவளுடைய நாத்தனாரின் டோக்கனாம். நாத்தனார் வெளியூர் போகும்போது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டாக்டர் தளரவில்லை. தோல்வியும் ஒரு பாடம் என்று ஃபைலில் இருக்கிறதாம். அடுத்து சீட்டு. வந்தவுடன் நான் நேரம் எழுதிக் கொடுக்க வேண்டும், மாத்திரை கொடுக்கும்போது மருந்தாளுநர் நேரம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாள் சீட்டுகளில் ஒரு அம்மா நாலு மணி நேரம் காத்திருந்ததாக வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுவாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். “நான் எங்க காத்துக் கெடந்தேன்? கொடியில குலை அறுத்துட்டுல வந்தேன்” என்றார்.

பிறகு டாக்டர் ஃபைலில் இருந்து இன்னொன்றை எடுத்தார். எந்தப் பிரச்சினை என்றாலும் ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஏன் தாமதம்? கூட்டம். ஏன் கூட்டம்? எல்லாரும் எட்டு மணிக்கே வருகிறார்கள். ஏன் எட்டு மணிக்கு? மூன்றாவது ‘ஏன்’னிலேயே எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. வரிசையில் போய்க் கேட்டோம். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து எட்டு மணிக்கு ஒரு மினி பஸ். அதை விட்டால் பதினொன்றுக்குத்தான். கிழக்கே மார்க்கையன்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு எப்போதும் பஸ் உண்டு, ஆனால் அடிவாரத்துக்காரர்கள் முந்திவிடுவார்களே என்று இவர்களும் எட்டுக்கே வந்தார்கள். நாங்கள் இருவரும் ஸ்கூட்டியில் வருகிறவர்கள். பஸ் நேரம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடிவாரத்துக்காரர்களுக்கு எட்டு மணி, கிழக்குக்காரர்களுக்குப் பத்து மணி என்று பிரித்தோம். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, வாரா வாரம் சராசரிக் காத்திருப்பு நேரத்தைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடாக இழுத்தேன். மூன்று வாரம் கோடு இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் அதைப் போட்டோ எடுத்து எங்கெங்கோ அனுப்பினார். நான் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஷேர் மார்க்கெட்டா என்று கேட்டார்.

நாலாவது வாரம் கோடு ஏறியது. ஐந்தாவது வாரம் இன்னும் ஏறியது. சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தால், இரண்டே பேர்தான் காரணம். ஒருவர் அடிவாரத்து அம்மா, இன்னொருவர் கிழக்குப் பக்கத்து அம்மா. எட்டுக்கு வருகிறவரும் பத்துக்கு வருகிறவரும் ஒன்றாக மதியம்தான் போகிறார்கள்.

அடுத்த செவ்வாய் கவனித்தேன். அடிவாரத்து அம்மாவின் முறை வரும்போதெல்லாம், “நீங்க முன்னால போங்கத்தா, எனக்கென்ன அவசரம்” என்று பின்னால் நிற்பவரை அனுப்பிவிடுகிறார். பத்து மணிக்குக் கிழக்கு அம்மா வந்ததும் இருவரும் புங்கமரத்தடி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் போய் விசாரித்தேன்.

இருவரும் பல மாதமாக வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள். கிழக்கு அம்மாவுக்கு ஒரு மகன், மோட்டார் மெக்கானிக். அடிவாரத்து அம்மாவுக்கு ஒரு மகள், தேனியில் ஜவுளிக்கடையில் வேலை. பேச்சு கனிந்து ஜாதகம் மாற்றிக்கொள்ளும் கட்டத்தில் இருந்திருக்கிறது.

“சாதகம் பொருந்தி வர்ற நேரத்துல எங்களைப் பிரிச்சுப்புட்டீகளே” என்றார் அடிவாரத்து அம்மா, என்னவோ நான் பெண்ணைக் கடத்திவிட்ட மாதிரி.

போனில் பேசலாமே என்றேன். கிழக்கு அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வீட்டுல பேசுனா அவுகளுக்குக் கேட்டுரும். முடிவான பெறகுதான் ஆம்பளைகளுக்குச் சொல்லணும்.”

டாக்டரிடம் சொன்னேன். நீல ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். சம்பந்தம் பேசுவதற்கு அதில் வழி எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். சிரிக்காத மனிதர். சார்ட்டில் கோடு ஏறி நின்ற இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஒருங்கிணைப்பாளர் ஆயிற்றே. உள்ளதைச் சொன்னேன். அவர் நோட்டில் வெகுநேரம் எதையோ எழுதினார்.

“திருத்த நடவடிக்கை?” என்றார்.

“தை மாசம் முகூர்த்தம் சார். அதுக்கப்புறம் தானா எறங்கிரும்” என்றார் டாக்டர்.

அதிகாரி தலையாட்டினார். ஜீப்பில் ஏறும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் தங்கை மகனுக்கும் இரண்டு வருடமாகப் பார்ப்பதாகவும், அந்த வரிசையில் வேறு யாராவது பெண் வைத்திருக்கிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டார்.

கல்யாணம் வீரபாண்டியில் நடந்தது. எங்களை முதல் பந்தியில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் ஆஸ்பத்திரிக்காரக பாத்து முடிச்ச சம்பந்தம் என்று சொன்னார்கள். நாங்கள் பிரிக்கத்தான் பார்த்தோம் என்று யாரும் சொல்லவில்லை. எங்களிடம் சுகர் மாத்திரை வாங்குகிற சம்பந்திகள் இருவரும் பாயசத்தை எங்கள் கண்ணெதிரே இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள். டாக்டர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அதில் கிழக்கு அம்மாவின் அண்ணன் ஒரு படத்தில்கூட இல்லை. போட்டோக்காரர் அடிவாரத்து வீட்டார் பிடித்த ஆள். சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றுவிட்டது. இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, அந்த அம்மா வருகிற நேரத்தில் எனக்குச் சீட்டு வேண்டாம் என்றார்கள். கோடு சர்ரென்று இறங்கி, அதுவரை இல்லாத அளவுக்குத் தரையைத் தொட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிரசர் நோட்டைப் புரட்டினால், பேசிக்கொண்டிருந்த மாதங்களில் இருவருக்கும் ரத்த அழுத்தம் சீராக இருந்திருக்கிறது. இப்போது இருவருக்கும் ஏற்றம்.

நோட்டை டாக்டரிடம் காட்டினேன். நோட்டை மூடிவிட்டு, இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பத்தரை மணிக்குத்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிடுங்கள் என்றார். அப்படி எந்த விதியும் கிடையாது. இருந்தாலும் இருவரிடமும் போய்ச் சொன்னேன். முதல் வாரம் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அடிவாரத்து அம்மா, யாரையும் பார்க்காமல், “அந்தப் போட்டோக்காரன் வெளங்குவானா?” என்றார். கிழக்கு அம்மா, “கண்ணு அவிஞ்ச பய” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு இருவரும் கிளம்ப மதியம் ஒன்றரை ஆகிவிட்டது.

மறு வருடம் டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு ஃபைலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனாலும் அடிவாரத்துக்கு ஒரு நேரம், கிழக்குக்கு ஒரு நேரம் என்பது இன்றைக்கும் நடக்கிறது. மினி பஸ் நேரம் மாறினால் முதல் நாளே டிரைவர் எனக்குப் போன் செய்துவிடுகிறார்.