காலை ஆறு முதல் எட்டு வரை

அவரை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பதினோரு தெருக்களில், எழுநூற்றுச் சொச்சம் வீடுகளில் தண்ணீர் மீட்டர் படிப்பது அவர் வேலை. இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். சில வீடுகளில் மூடியின் மேல் பூந்தொட்டி இருக்கும். சில வீடுகளில் நாய் படுத்திருக்கும். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை என்பதையெல்லாம் அவர் மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் பொய் என்பார் அவர்.

வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருடம் ஆனபோது, ஒரு மாடி வீட்டுப் பெண்மணி அவரை வாசலிலேயே நிறுத்திச் சண்டை பிடித்தார்.

"தண்ணியே ஏற மாட்டேங்குதுன்னு நாலு தடவை எழுதிக் குடுத்தாச்சு. நாலு தடவையும் ஆளு வந்து பாத்துட்டு, நல்லாத்தான் வருதுன்னு எழுதிட்டுப் போறாங்க. நீங்கல்லாம் எங்க கண்ணுல மண்ணைத் தூவுறீங்களா?"

மீட்டரக்கா குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நன்றாகவே வந்தது. அப்போது மணி பதினொன்றரை.

"இப்ப வரும்மா. காலையில ஆறரைக்கு வந்து பாரு" என்றார் அந்தப் பெண்மணி.

மறுநாள் ஆறரைக்கு மீட்டரக்கா போனார். பத்து லிட்டர் வாளி நிரம்ப நாலு நிமிடம் பத்து வினாடி ஆனது. முந்தின நாள் மதியம் அதே வாளிக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தெருவே ஒரே நேரத்தில் குளித்துத் துவைத்துப் பாத்திரம் கழுவும்போது, கடைசி வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அலுவலக ஆட்கள் பரிசோதனைக்கு வருவது பத்து மணிக்கு மேல்தான் என்பதால், இது எந்தக் காகிதத்திலும் இல்லை.

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டிலும் வாளியை வைத்து நேரம் பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில் தெரு, தேதி, நேரம், வினாடி என்று எழுதி வைத்தார். ஒன்பது வருடம் எழுதினார்.

அவர் கணவர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தவர், அந்தக் கொள்கையை ஒரு நாளும் கடைப்பிடித்ததில்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்:

"இன்னைக்கு ஒருத்தர் ஒரே காகிதத்தை நானூறு காப்பி எடுத்துட்டுப் போனாரு. 'புதிய விதியை நாங்கள் மனமார வரவேற்கிறோம்'னு இருக்கு. கீழ கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கு."

"என்ன விதி?"

"அது இல்ல அதுல. வரவேற்பு மட்டும்தான் இருக்கு."

என்ன விதி என்பது நகராட்சி அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதுவரை குடியிருப்புப் பகுதிகளில் மாடி கட்ட நகராட்சி அனுமதி தந்துகொண்டிருந்தது. இனி அந்த மேற்பார்வையை மாநில நகரமைப்புத் துறை எடுத்துக்கொள்ளும். நாலு மாடி வரைக்கும், தெருவில் தண்ணீரும் வடிகாலும் போதுமானவை என்று ஒரு பொறியாளர் சான்று கொடுத்தால் போதும், இருபது நாளில் அனுமதி கிடைத்துவிடும். பொதுமக்கள் முப்பது நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். நூலக மாடியில் நேர்விசாரணையும் உண்டு. முப்பது நாளில் பதினேழு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

மீட்டரக்கா விதியை எதிர்க்கவில்லை. நகராட்சியில் ஒரு கையெழுத்துக்கு மக்கள் எட்டு மாதம் அலைவதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் 'போதுமானவை' என்ற சொல்லில் அவர் கண் நின்றுவிட்டது. எந்த நேரத்தில் பார்த்தால் போதுமானவை? பொறியாளர் எத்தனை மணிக்கு வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று பக்கத்துக்கு எழுதினார். கணவர் படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது பக்கத்துக்கு மேல எவனும் போக மாட்டான். தினம் காகிதத்தோட புழங்குறவன் சொல்றேன்."

அரைப் பக்கமாகச் சுருக்கினார். நோட்டுப் பக்கங்களின் நகலைப் பின்னால் இணைத்தார்.

அலுவலகத்தில் பிரிவு அலுவலர் கூப்பிட்டு விட்டார். நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

"விசாரணைக்குப் போகப் போறீங்களாமே. எதுக்குங்க வம்பை விலை குடுத்து வாங்குறீங்க? நம்ம ஆபீஸ் பேரு அடிபடும்."

"ஆபீஸ் பேரைச் சொல்ல மாட்டேன் சார். சனிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் குடுக்குறேன். அந்தப் பதினோரு தெருவுல ஒண்ணுல நான் குடியிருக்கேன். குடியிருக்குறவளாப் போறேன்."

அவர் தலையைச் சொறிந்தபடி விடுப்பில் கையெழுத்துப் போட்டார்.

நூலக மாடியில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். மேடையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த இணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். மேசையின் ஒரு மூலையில் கடிதக் கட்டு ஒன்று இருந்தது. மீட்டரக்கா தூரத்திலிருந்தே அதைக் கண்டுகொண்டார். கணவர் கடை இயந்திரம் எடுக்கும் எல்லா நகலிலும் வலது ஓரத்தில் ஒரு மங்கல் கோடு விழும்.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மரங்களைப் பற்றி ஆரம்பித்து, தன் மருமகனில் முடித்தார். ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் தெருநாய்களைப் பற்றிப் பேச வந்தவர். இது அந்த விசாரணை இல்லை என்று சொன்ன பிறகும் மூன்று நிமிடத்தையும் பேசிவிட்டே இறங்கினார். இடப்பக்க அதிகாரி கொட்டாவியைக் கையால் மூடினார்.

முப்பத்தொன்றாவது ஆளாக மீட்டரக்கா போனார். ஒலிவாங்கி உயரமாக இருந்ததால் குதிகாலை உயர்த்தி நின்றார்.

"பதினோரு தெருவோட கடைசி வீட்டுல, காலையில ஆறுலேருந்து எட்டுக்குள்ள, ஒன்பது வருசமா வாளி வச்சுப் பாத்திருக்கேன். ஏழு தெருவுல வாளி நிரம்ப மூணு நிமிசத்துக்கு மேல ஆகுது. அதே வீட்டுல பதினோரு மணிக்குப் பாத்தா ஒரு நிமிசத்துல நிரம்பிடும். விதியில பொறியாளர் எப்பப் பாக்கணும்னு எழுதல."

இணை இயக்குநர் கண்ணாடியை இறக்கினார். "சரி, உங்க கோரிக்கை என்ன? விதி வேணாங்கிறீங்களா?"

"வேணும், வேணாம்னு சொல்ல நான் வரலைங்க. எந்த நேரத்துல அளக்கணும், எந்த வீட்டுல அளக்கணும்னு ஒரு வரி சேருங்க. அவ்வளவுதான்."

"இதையெல்லாம் எடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைங்க."

இணை இயக்குநர் நகல்களைப் புரட்டினார். ஏதோ எழுதிக்கொண்டார். மணி அடித்தது. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மீட்டரக்கா படியிறங்கினார். வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தார்.

அவருக்கு ஒரே தம்பி. பெயிண்ட் கடை வைத்திருந்தார். அப்பா அம்மா இருந்த வீட்டில், மீட்டரக்கா குடியிருந்த அதே தெருவின் கடைசியில், மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியிருந்தார். மேலே இரண்டு மாடி எழுப்பி ஒன்றில் குடியிருந்து, ஒன்றை வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய பல நாள் கனவு. நகராட்சியில் நடந்து கால் தேய்ந்தவர். புதிய விதி வரப்போகிறது என்றதும் மகிழ்ந்தார். அந்த நானூறு கடிதங்களில் அவர் கையெழுத்தும் இருந்தது. அக்கா விசாரணையில் பேசியதைக் கேள்விப்பட்டு, "மூணு நிமிசத்துல கவர்மெண்டையே ஆட்டிட்டு வந்துட்டியாக்கும்" என்று சிரித்தார். அது எங்காவது ஏறும் என்று அவரும் நினைக்கவில்லை, மீட்டரக்காவும் நினைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து இறுதி விதி வெளியானது. பின்னிணைப்பில் எல்லாக் கருத்துகளுக்கும் ஒரு பட்டியல். ஒரே வாசகம் கொண்ட நானூறு கடிதங்களையும் சேர்த்து ஒரே கருத்தாகப் போட்டிருந்தார்கள்: 'குறித்துக்கொள்ளப்பட்டது.' தெருநாய்: 'இவ்விதிக்குத் தொடர்பற்றது.' எண்பத்தாறாம் எண்ணில் வாளிக் கணக்கு; எதிரே 'பகுதி ஏற்கப்பட்டது' என்று இருந்தது. பெயர் இல்லை. விதியின் ஒன்பதாம் பிரிவில் புதிதாக ஒரு வரி: தண்ணீர் அழுத்தத்தைத் தெருவின் கடைசி இணைப்பில், காலை ஆறு முதல் எட்டு மணிக்குள், மூன்று நாட்கள் அளக்க வேண்டும், குறைந்தால், குழாய் மாற்றிய பிறகே அனுமதி.

மீட்டரக்கா அதைக் கணவரிடம் காட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன்" என்றார்.

தெருவிலேயே முதல் விண்ணப்பம் தம்பியுடையது. அளவெடுக்கும் வேலை குடிநீர் அலுவலகத்துக்கு வந்தது. அந்தத் தெரு மீட்டரக்காவின் பொறுப்பு. விண்ணப்பத் தாளைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்பதை நோட்டைத் திறக்காமலே அவரால் சொல்ல முடியும்.

அன்று சாயங்காலம் தம்பி வந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

"நீதான் அளக்க வர்றியாமே."

"நான் வரல. சொந்தக்கார வீடுன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற ஆளு வருவாரு."

"ஏன்? நீயே வந்து ரெண்டு புள்ளி ஏத்திப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்? யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல."

"ஊருக்கு நியாயம் பேசுறதுக்கு நான்தான் கெடச்சேனா? பொண்ணுங்க ரெண்டும் வளந்து நிக்குது. ஒரே ரூம்ல ஒண்ணு படிச்சா இன்னொண்ணு லைட்டை அணைக்குது. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் செஞ்சிருக்க."

அவர் எழுந்து போனார். செருப்பை மாட்டும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்டரக்கா அன்று சாப்பிடவில்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னபோது தம்பி நினைவுக்கு வந்தாரா என்று கணவர் கேட்டார். வந்தார் என்றார். அவர்களுக்கும் காலையில் தண்ணீர் வருவதில்லை என்பதும் சேர்ந்தே வந்தது என்றார்.

வேறு ஆள் வந்து மூன்று நாள் அளந்தார். குறைவாகவே இருந்தது. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது.

தம்பி பதினாலு மாதம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீட்டர் படிக்கப் போகும் நாளில் கடைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுவார். தம்பி மனைவிதான் கதவைத் திறப்பார்.

"உள்ள வாங்க அண்ணி. அவரு இல்ல."

"தெரியும். அவன் இல்லாத நேரமாப் பாத்து நானும் வரல, நான் வர்ற நேரமாப் பாத்து அவன்தான் போறான்."

இருவரும் சிரிப்பார்கள். பிறகு மீட்டரக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மூடியைத் தூக்குவார். பெரிய பெண் அப்போது வாசல்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். உள்ளே தங்கை இருப்பாள்.

அதற்கிடையில் அந்தத் தெருவில் மேலும் ஆறு விண்ணப்பங்கள் அதே காரணத்தால் நின்றன. ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து குடிநீர் அலுவலகத்தில் போய் நின்றார்கள். முன்னால் நின்று சத்தம் போட்டவர் தம்பி. தனித்தனியாக வந்த புகார்களுக்கு ஒன்பது வருடமாக அசையாத அலுவலகம், மாநிலத் துறையிலிருந்தும் கடிதம் வந்ததால், பழைய குழாயை எடுத்துவிட்டு அகலக் குழாய் போட ஒப்புக்கொண்டது. தெருவை வெட்டி மூன்று மாதம் போட்டுவைத்தார்கள். எல்லோரும் பலகைமேல் நடந்தார்கள். அந்தப் புழுதிக்கும் சில வீடுகளில் மீட்டரக்காவைத்தான் திட்டினார்கள்.

குழாய் மாறிய பிறகு தம்பி ஒரு மாடி கட்டினார். இரண்டு கட்ட நினைத்தவர்தான். அதற்குள் சிமெண்டும் கம்பியும் எங்கோ ஏறிப் போயிருந்தன. கட்டி முடித்த வாரம் சின்னப் பெண் வந்து, "அத்தை, அப்பா உங்களை மாடியைப் பாக்க வரச் சொன்னாரு" என்றாள். போனார். தம்பி ஜன்னல், அலமாரி, சுவரின் நிறம் எல்லாவற்றையும் காட்டினார். தண்ணீரைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்க வேண்டியது அவர்தானா என்பது மீட்டரக்காவுக்கும் தெளிவாக இல்லை.

அடுத்த வருடம் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரன் கீழ்த்தளம் தோண்டப் போறானாம். எங்க செவுரு என்னத்துக்கு ஆகும்? ஆட்சேபம் எழுதணும். நீதான் எழுதுவியே, எப்படி எழுதுறது?"

"செவுத்துக்கும் அவன் தோண்டுற எடத்துக்கும் எத்தனை அடி?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா எத்தனை அடி?"

அவர் அளந்துகொண்டு வந்தார். இருவரும் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினார்கள். தம்பி விசாரணைக்குப் போய், மூன்று நிமிடத்துக்குப் பதில் ஏழு நிமிடம் பேசி, மணியடித்தவரோடும் சண்டை போட்டுவிட்டு வந்தார். ஆட்சேபம் தள்ளுபடியானது, விதிப்படி விட வேண்டிய இடைவெளி சரியாக இருந்தது.

"அப்ப எதுக்கு அளக்கச் சொன்ன?" என்று கத்தினார் தம்பி.

"அளந்தாத்தானே தெரியும்" என்றார் மீட்டரக்கா.

பக்கத்து வீட்டுக் கீழ்த்தளம் தோண்டி முடித்தார்கள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.