குழம்பில் இரண்டு ஈயக்குண்டு

மதுரை காஜிமார் தெருவில் அப்துல் அலீம் ராவுத்தரைத் தெரியாதவர்கள் கிடையாது. டவுன் ஹால் ரோட்டில் அவருக்கு டிரங்குப் பெட்டிக் கடை இருந்தது. ஆனால் அதற்காக அல்ல. அவரிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது, அதற்காக. அந்தத் தெருவில் வேறு யாரிடமும் துப்பாக்கி இல்லை. வேறு யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் காக்கிக் கால்சட்டை மாட்டிக்கொள்வார். ஜட்கா வண்டி வாசலிலேயே வந்து நிற்கும். அதில் ஏறாமல், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துபோய், அங்கே ஏறுவார். நடக்கிற ஆளுக்கு வண்டி ஏன் வாசலுக்கு வர வேண்டும் என்று அவர் மனைவி அமீருன்னிசா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

வண்டி அலங்காநல்லூர் தாண்டி வடக்கே கரட்டுக்காட்டுக்குப் போகும். அங்கே கருப்பு காத்திருப்பான். பிறர் வயலில் கூலி வேலை செய்கிறவன். ஞாயிறு மட்டும் ராவுத்தருக்காகப் புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடுவான். சாயங்காலம் இரண்டு பேரும் நாலைந்து கவுதாரியோடு திரும்பி வருவார்கள்.

ராவுத்தரின் பெருமை பறவை விழுந்ததில் இல்லை, விழுந்த விதத்தில் இருந்தது. சுட்டது செத்து விழுந்தால் தின்னக் கூடாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லிக் கத்தி வைத்தால்தான் கூடும். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த மற்ற முஸ்லிம்கள் சுட்டதில் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். அலீம் ராவுத்தர் சுட்டதோ ஒன்றுகூடச் செத்ததில்லை. புதருக்குள் ஓடுகிற கருப்பு, சிறகடிக்கிற கவுதாரியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவான். ராவுத்தர் தன் கையாலேயே அறுப்பார்.

"சிறகுலதான் சுடுவேன். உடம்புல படவிட மாட்டேன்" என்று பள்ளிவாசல் ஹவுல் தொட்டியில் கால் கழுவும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் எதிர்வீட்டுப் பெயர்ப் பலகை அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கண்ணாடி போடச் சொன்னால், குறி பார்க்கிறவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று கோபித்துக்கொள்வார்.

முதல் கவுதாரி வீட்டுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில். அதைச் சுத்தம் செய்தவள் அமீருன்னிசா. சிறகைத் தடவினாள், தொடையைத் தடவினாள், நெஞ்சைப் பிளந்து பார்த்தாள். ஒரு ஈயக்குண்டுகூட இல்லை. காலில் மட்டும் நூல் இறுக்கிய தடம் இருந்தது. கொல்லைப்பக்கம் நின்றுகொண்டிருந்த கருப்பைக் கூப்பிட்டாள்.

"கருப்பு, இதுல குண்டே இல்லியே?"

"இல்லீங்க தாயி."

"பின்ன?"

கருப்பு தலையைச் சொறிந்தான். "மொதலாளி காலையில இருந்து ஒம்பது வேட்டுப் போட்டாக. ஒண்ணும் விழல. கடைசியில ஒரு கல்லுல உக்காந்து மொகத்தத் தொங்கப்போட்டாக பாருங்க, எனக்குத் தாங்கல. மொத நாளு நான் வச்ச கண்ணியில ஒண்ணு மாட்டிக் கெடந்துச்சு. அடுத்த வேட்டுக்கு ஓடிப்போயி, அதோட றெக்கையில ரெண்டு எறகப் பிடுங்கிப்பிட்டு, எடுத்தாந்து குடுத்துட்டேன். தப்புன்னா இனிமே செய்யல தாயி."

உள்ளே ராவுத்தர் பாடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை. பெட்டிக்கடையில் நாள் முழுக்கத் தகரச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் படுத்துவிடுகிற மனுஷர். அன்று சோறு நன்றாயிருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

"நிறுத்தாத" என்றாள் அமீருன்னிசா.

இதோடு விட்டிருந்தால் பாதிப் பாவந்தான் அவளுடையது. ஒரு ஞாயிறு சாப்பிடும்போது ராவுத்தர், "ஏன் அமீரு, ஒரு குண்டுகூடப் பல்லுல தட்டுப்பட மாட்டேங்குதே?" என்று யோசனையோடு கேட்டுவிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். மறுவாரம் பீரோவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் பிரித்து, உள்ளிருந்த ஈயக்குண்டுகளைப் பெருங்காய டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டாள். மிளகைவிடச் சின்னது, கடுகைவிடப் பெரியது. கவுதாரி ஆக்குகிற அன்று இரண்டே இரண்டு எடுத்துக் கழுவிக் குழம்பில் போடுவாள். பல்லில் 'கடக்' என்றதும் ராவுத்தர் அதை எடுத்து எல்லாரும் கேட்கும்படி தட்டில் போடுவார். ஒரு தோட்டா இரண்டரை வருஷத்துக்கு வந்தது.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். இடையில் மகள் ஹாஜராவைச் சோழவந்தானில் கட்டிக் கொடுத்தார்கள். பெருங்காய டப்பாவைப் பற்றி மகளிடம்கூட அவள் சொல்லவில்லை.

சட்டமறுப்பு நடந்த சமயத்தில் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிப்பது கஷ்டமாகிவிட்டது. வருஷா வருஷம் தல்லாகுளம் சர்க்கார் கச்சேரிக்குப் போய், காகிதத்தையும் துப்பாக்கியையும் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த வருஷம் அங்கே இருந்த குமாஸ்தா, "எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்டதுதான். ராவுத்தருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு, பயிர்ப் பாதுகாப்பு என்றார். பெட்டிக்கடைக்காரருக்கு என்ன பயிர் என்று குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்து கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பார்வையை ராவுத்தர் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் வைத்திருந்தார்.

அந்த மாதத்தில்தான் ஜலால் சேட் வந்து சேர்ந்தார். சுங்குடிச் சேலை வாங்க வந்த மேமன் முஸ்லிம் வியாபாரி. மேற்கே கத்தியவார்ப் பக்கம் ஒரு குட்டி சமஸ்தானத்துக்காரர். அந்த ஊர்ப் பெயரை ராவுத்தர் கடைசிவரை நாலு விதமாகச் சொன்னார். பெட்டி வாங்க வந்தவரை விருந்துக்குக் கூட்டிவந்துவிட்டார். சேட் கவுதாரிக் கறியைக் கடித்தார், 'கடக்' என்றது. உயிரோடு விழுகிற பறவைகளின் கதை முழுதும் சொல்லப்பட்டது. சேட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"எங்கள் ஊரில் லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது" என்றார் சேட் இந்துஸ்தானியில். துப்பாக்கியைக் கைத்தடிபோல எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகலாமாம். இப்படிப்பட்ட கைக்காரர் மதுரையில் தகரம் விற்றுக்கொண்டிருப்பது அநியாயமாம்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட அமீருன்னிசாவுக்கு இந்துஸ்தானி பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. சேட்டின் பல்லில் தட்டிய குண்டு அவள் கழுவிப் போட்டது.

பத்தே நாளில் முடிவாகிவிட்டது. கடையைத் தம்பி நாகூர் கனி பார்த்துக்கொள்வார். ராவுத்தர் மேற்கே போய்க் குடியேறி, அங்கே பெட்டிக்கடை வைத்து, மிச்ச நேரமெல்லாம் சுடுவார். அமீருன்னிசாவுக்கு மகளை விட்டுப் போவது துக்கம்தான். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. அங்கே கண்ணி வைக்கக் கருப்பு இருக்க மாட்டான். நாலு பெரிய மனுஷர்கள் நடுவில் இந்த மனுஷர் துப்பாக்கியைத் தூக்கி நிற்கப் போகிறார். ஒரு வார்த்தை சொன்னால் பயணம் நின்றுவிடும். ஆனால் அதோடு அவர் பாட்டும் நின்றுவிடும்.

"நீயே சொல்லிரு கருப்பு" என்று கொல்லையில் கெஞ்சினாள்.

"எப்பிடித் தாயி சொல்லுவேன்? பன்னெண்டு வருசமா அவுக சோத்தத் தின்னுருக்கேன். நீங்க சொல்லுங்க."

"அப்ப நீயும் கூட வா."

"சோணையம்மா விடுவாளா? ரயிலுன்னாலே அவளுக்கு வகுத்தக் கலக்கும்." சோணையம்மாள் அவன் பெண்டாட்டி. கருப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கண்ணி வேணும்னா ரெண்டு தாரேன், கொண்டு போங்க."

சொல்லாமலே புரியவைக்கலாம் என்று அடுத்த இரண்டு ஞாயிறும் குண்டு போடாமல் ஆக்கினாள். ராவுத்தர் நன்றாக மென்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா அமீரு? இப்பல்லாம் குண்டு உள்ளயே நிக்கல. சிறக உரசிட்டுப் போயிருது. கை அம்புட்டுப் பதமாயிருச்சு!"

அவள் மூன்று பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தாள். பெருங்காய டப்பாவையும் ஒன்றுக்குள் வைத்தாள்.

ரயில் மாறி மாறி ஐந்து நாள் பயணம். போய்ச் சேர்ந்த ஊரில் சேட் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தது. அதுதான் ராவுத்தருக்கு முதல் அடி. பால்காரன் துப்பாக்கி வைத்திருந்தான். முடிவெட்டுகிறவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் கத்தியைத் தீட்டினான். முதல் நாள் காக்கிக் கால்சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக ராவுத்தர் தெருமுனை வரை நடந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜலால் சேட் நாணயமான மனுஷர். வந்த வாரமே ஊரின் ஐந்து பேர்பெற்ற வேட்டைக்காரர்களைக் கூட்டி வைத்து, "சிறகில் மட்டும் சுடுகிறவர்" என்று அறிமுகம் செய்து, முதல் வேட்டு இவருடையது என்று கௌரவமும் கொடுத்துவிட்டார். ராவுத்தர் பதினோரு வேட்டுப் போட்டார். ஒரு கவுதாரி பறக்கக்கூடச் சிரமப்படாமல் நடந்தே புதருக்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை. "இங்கே காற்று ஜாஸ்தி" என்றார் சேட். சிரித்திருந்தால் பரவாயில்லை என்று, பிறகு சேட் வீட்டில் கேள்விப்பட்ட அமீருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த ராவுத்தரும் காற்றைத்தான் சொன்னார். இரண்டாம் வாரம் தோட்டாவில் மருந்து நமத்துவிட்டது. மூன்றாம் வாரம் இந்தப் பக்கத்துப் பறவைகள் சாய்ந்து பறப்பதைக் கண்டுபிடித்தார். நாலாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தார். கருப்பு சொன்னானே, கல்லில் உட்கார்ந்து தொங்கப்போட்ட முகம், அதை அன்றுதான் அவள் நேரில் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய் அழுதாள்.

கம்பு ரொட்டி அவளுக்கு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. வாய்விட்டுப் பேச ஆளில்லை. பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் ஒரு கிழவன் கூடை வைத்துக்கொண்டு உயிர்க் கவுதாரி விற்பதை மட்டும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றின் காலிலும் சிவப்பு நூல் கட்டியிருப்பான்.

ஏழாம் வாரம் ஒரு ஞாயிறு, ராவுத்தர் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியே போனார். மத்தியானமே திரும்பிவிட்டார். கையில் அறுத்த கவுதாரி ஒன்று இருந்தது.

"சிறகுலதான்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கவுதாரி ஆக்கி நாளாச்சுல்ல. நீயும் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குற. அதான் போயி ஒண்ணு சுட்டேன்."

பாடவில்லை. போய்க் கை கழுவினார்.

அமீருன்னிசா அடுப்படியில் உட்கார்ந்து இறகைப் பிய்த்தாள். சிறகில் காயம் இல்லை. காலில் நூல் தடம் இருந்தது. தடத்தில் ஒரு சிவப்பு இழைகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காக இந்த மனுஷர் சந்தில் பறவை வாங்கிப் பொய் சொல்கிறார். அவள் பேசாமல் இருந்தால் அடுத்த ஞாயிறும் வாங்குவார், அதற்கடுத்த ஞாயிறும் வாங்குவார். அவள் நம்புகிறாள் என்பதற்காக இந்த ஊரிலேயே கிடந்து வாங்கிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு வருஷம் அவள் செய்ததை இனி அவர் செய்வார்.

பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்தாள். இரண்டு குண்டை எடுத்துக் கழுவி, குழம்பில் போட்டாள்.

ராவுத்தர் பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது வாயில் 'கடக்' என்றது. மெல்லுவது நின்றது. விரலால் எடுத்துக் கண்ணுக்கு வெகு கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தார். கறியைப் பிசைந்து தேடி இன்னொன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுதானா?"

"எப்பவும் ரெண்டுதாங்க."

"மொதல்ல இருந்தேவா?"

"குண்டே தட்டுப்படலன்னு நீங்க கேட்டதுலருந்து."

அவர் இரண்டு குண்டையும் விரலால் தள்ளி ஒன்றுசேர்த்தார். "அப்ப கருப்பு?" என்றார் கடைசியில்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ராவுத்தர் கத்துவார் என்று பயந்தாள். அவர் தட்டிலிருந்த கறியில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

"சாப்பிடு அமீரு. நாளைக்கே ஊருக்குக் கிளம்புவோம். கனிக்குத் தந்தி அடிச்சு, கருப்புகிட்டச் சொல்லச் சொல்லணும்."

"என்னன்னுங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம மொதலாளி வேட்டைக்கு வாராருன்னு." இன்னொரு கவளம் எடுத்தார். "போன மாதிரியேதான் வாராரு, ஒண்ணும் தெரிஞ்சுக்கலேன்னு அவன்கிட்ட நீ தனியா ஒரு வார்த்தை சொல்லிரு. பாவம், பயந்துக்கிட்டு இருப்பான்."